நடுப்படி இல்லாத ஏணி

எங்கள் தொழிற்சாலையின் வண்டிக் கொட்டகையில் காலை எட்டு மணிக்கு ஒரு நடை நடந்தால் தெரியும், முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியைத் தாங்கும் ஃபோர்க்கில் தலைகீழ் வகை எவ்வளவு சாதாரணப் பொருளாகிவிட்டது என்று. பொன்னிறக் குழாய்கள் வரிசை கட்டி நிற்கும். 2012-ல் கேடிஎம் 200 டியூக் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் 43 மில்லிமீட்டர் ஃபோர்க்கைக் குனிந்து பார்க்கவே ஆட்கள் கூடினார்கள். 2017 இறுதியில் டிவிஎஸ் நிறுவனம் இதே ஓசூரிலிருந்து அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கை அதே வகை ஃபோர்க்குடன் கொண்டுவந்தது. பழைமைக்குப் பெயர்போன ராயல் என்ஃபீல்டுகூட சூப்பர் மீட்டியோர் 650-ல் அதை மாட்டிவிட்டது. இப்போது கல்லூரிப் பையன்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

கொட்டகையின் கடைசித் தூணோரம் என் சைக்கிள் நிற்கும். மலைச்சரிவில் வேகமாக இறங்குவதற்கென்றே செய்த, பதினெட்டுக் கிலோ எடையுள்ள பழைய டவுன்ஹில் சைக்கிள். அலுவலகம் வர அதைவிடப் பொருத்தமில்லாத வாகனம் கிடையாது. அதற்கும் தலைகீழ் ஃபோர்க்தான். பைக்கில் யார் கண்ணிலும் படாத அதே சங்கதி சைக்கிளில் இருந்தால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். "யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் சார்" என்று பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் உண்மையான அக்கறையோடு சொன்னான்.

அவனுக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடியும் நேரம். ஆனால் அவன் கேட்காமல் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. மோட்டோகிராஸ் பந்தய பைக்குகள் 1980-களிலேயே தலைகீழ் ஃபோர்க்குக்கு மாறத் தொடங்கிவிட்டன. மலைச் சைக்கிளோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறது. ஒரே பொருள், ஒரே வேலை. அங்கே வேரூன்றியது இங்கே ஏன் ஊன்றவில்லை?

முதலில் எது தலை, எது கீழ் என்று பார்த்துவிடலாம். வழக்கமான ஃபோர்க்கில் மெல்லிய, பளபளக்கும் உள்குழாய்கள் மேலே, ஹேண்டில்பாருக்குக் கீழே இரு கால்களையும் பிணைக்கும் கிரவுனில் செருகப்பட்டிருக்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பருத்த வெளிக்குழாய்கள் அவற்றின்மீது ஏறி இறங்கும். தலைகீழ் ஃபோர்க்கில் பருத்தது மேலே கிரவுனில், மெல்லியது கீழே சக்கரத்தோடு. அவ்வளவுதான் வித்தியாசம். மற்றதெல்லாம் இந்த இடமாற்றத்தின் விளைவுகள்.

பொறியியல் படித்தவனுக்கு இது பார்த்தவுடனே பிடித்துப்போகும். நிலத்தில் நட்ட கம்பம் காற்றில் எங்கே முறியப் பார்க்கும்? அடியில். அதனால்தான் மரம் அடி பெருத்து நுனி சிறுத்து நிற்கிறது. ஃபோர்க்கும் ஒரு கம்பம்தான், ஆனால் அது நடப்பட்டிருப்பது மேலே, கிரவுனில். சக்கரம் பாறையில் மோதும்போது வளைக்கும் விசையின் உச்சம் அங்கேதான் விழுகிறது. வழக்கமான ஃபோர்க் அந்த இடத்தில் மெல்லிய குழாயை வைத்திருக்கிறது. நுனியில் நட்ட மரம் மாதிரி. தலைகீழ் என்று நாம் கேலி செய்வதுதான் மரத்தின் இயல்புப்படி நேராக இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்வாங்கி ஆடாமல் நிற்பதில் இந்த வகை ஃபோர்க்கை அடித்துக்கொள்ள முடியாது.

எண்ணெய் விஷயமும் அப்படியே. வழக்கமான ஃபோர்க்கில் உயவு எண்ணெய் கால்களின் அடியில் தேங்கிக் கிடக்கும். அது தேவைப்படுவதோ மேலே இருக்கும் புஷ்ஷுக்கும் (குழாய் வழுக்கும் வளையம்) சீலுக்கும் (எண்ணெய் வெளியேறாமல் அடைக்கும் வளையம்). அதனால்தான் விவரமறிந்தவர்கள் சைக்கிளை இரவில் தலைகீழாகத் தொங்கவிட்டு, சீலுக்குக் கீழிருக்கும் பஞ்சு வளையத்தை நனைத்துக்கொள்கிறார்கள். தலைகீழ் ஃபோர்க்கில் சீல் கீழே இருப்பதால் புவியீர்ப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பல மாதங்கள் கழித்து எடுத்தாலும் முதல் அமுக்கிலேயே வெண்ணெய் போல இறங்கும். (அதே புவியீர்ப்பு எனக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

விளம்பரங்களில் மிகுதியாகச் சொல்லப்படும் மூன்றாவது நன்மை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைகிறது என்பது. இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பைக்கில் அது பெரிய லாபமாக இருந்திருக்கலாம். மலைச் சைக்கிளில் கீழ்க்கால்கள் மெக்னீசியத்தில் மெல்லிதாக வார்க்கப்படுகின்றன. அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரும். சக்கரம், டயர், டிஸ்க் மூன்றும் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஃபோர்க்கைக் கவிழ்த்துப் போட்டு மிச்சம் பிடிப்பது சில நூறு கிராம்தான். டயரைச் சற்று இலேசானதாக மாற்றினாலே அது கிடைத்துவிடும்.

இனி கதையின் வில்லன். வழக்கமான ஃபோர்க்கில் டயருக்கு மேலே இரண்டு கால்களையும் இணைத்து ஒரு வளைவு இருக்கும். பலர் அதைச் சேறு தடுக்கும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் ஃபோர்க்கின் முறுக்கு வலிமை பெருமளவு அந்த வளைவில்தான் இருக்கிறது. ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்கள்தான் ஏணியின் மூங்கில்கள். கிரவுன் மேல்படி, சக்கரத்தின் அச்சு கீழ்ப்படி, அந்த வளைவு நடுப்படி. கீழ்க்கால்களும் வளைவும் ஒரே வார்ப்பாக வருவதால், அச்சும் சேர்ந்ததும் அது கெட்டியான சட்டமாகிவிடுகிறது. ஃபோர்க்கைக் கவிழ்த்தால் வளைவுக்கு இடமில்லை. டயருக்குப் பக்கத்தில் இருப்பது மேல் குழாய். சக்கரம் அதை நோக்கி ஏறி வரும். அங்கே பாலம் போட்டால் டயர் இடிக்கும், உயர்த்திப் போட்டால் கிரவுனோடு சேர்ந்துவிடும். ஆக மிஞ்சுவது இரண்டு படிகள் மட்டுமே உள்ள ஏணி. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் போகப் பார்க்கும், உள்குழாய்கள் தம் அச்சிலேயே சுழலவும் பார்க்கும். இத்தனையையும் தடுத்து நிறுத்தும் பொறுப்பு கீழ்ப்படி ஒன்றின் தலையில் விழுகிறது.

பைக்கில் இது பிரச்சினையாகவில்லை. விரல் பருமனைத் தாண்டிய அச்சு, அதை இருபுறமும் கவ்வும் போல்ட்டுகள், மேலும் கீழுமாக இரண்டு கிரவுன்கள். எஞ்சினோடு சேர்த்து நூற்றைம்பது கிலோவைச் சுமக்கும் வண்டியில் இவற்றின் எடையை யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்? சைக்கிளிலோ ஓட்டுபவனே எஞ்சின். மேட்டில் ஒவ்வொரு கிராமுக்கும் அவன் கால்கள் வட்டி கட்ட வேண்டும்.

இன்னொரு பழைய தடையும் இருந்தது. 1990-களின் மலைச் சைக்கிள்கள் ரிம்மைக் கவ்வும் பிரேக்கோடு வந்தவை. அந்த பிரேக் ரிம்மோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். கீழ்க்கால்களில்தான் அதை மாட்ட முடியும். மெல்லிய குழாய் வழுக்கிக்கொண்டு ஏறும் தலைகீழ் ஃபோர்க்கில் அதை எங்கே வைப்பது? 1991 வாக்கிலேயே அமெரிக்காவின் மவுன்டன் சைக்கிள் நிறுவனம் சான் ஆண்ட்ரியாஸ் என்ற சைக்கிளில் தலைகீழ் ஃபோர்க்கை மாட்டியது; கூடவே டிஸ்க் பிரேக்கையும் மாட்டியது தற்செயல் இல்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று வராது. மற்றவர்களுக்கு டிஸ்க் வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் வளைவு வைத்த ஃபோர்க் ஊரைப் பிடித்துவிட்டது.

பிறகு வந்த ஒவ்வொரு தலைகீழ் ஃபோர்க்கையும் அந்தத் தொலைந்த படியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஒரு பதிலாகத்தான் நான் பார்க்கிறேன். இத்தாலியின் மார்சோக்கி ஷிவரும், மானிட்டோ டொராடோவும் 2000-களின் தொடக்கத்தில் டவுன்ஹில் சைக்கிள்களுக்கு வந்தன. இரட்டைக் கிரவுனையும் 20 மில்லிமீட்டர் அச்சையும் வைத்துச் சமாளித்தன. டொராடோவுக்கு இன்றும் தீவிர பக்தர்கள் உண்டு. ஆனாலும் உலகக் கோப்பை டவுன்ஹில் மேடைகளை ஆண்டவை ஃபாக்ஸ் 40-ம் ராக்ஷாக்ஸ் பாக்ஸரும்தான். இரண்டிலும் வளைவு உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கிளைக்கதை பால் டர்னருடையது. மோட்டோகிராஸ் உலகிலிருந்து வந்தவர். 1989-ல் ராக்ஷாக்ஸைத் தொடங்கி, மலைச் சைக்கிளுக்கு ஃபோர்க் என்ற ஒன்றைப் பழக்கியவர்களில் ஒருவர். கால்களுக்கு நடுவே வளைவு வைத்த அந்த முதல் ஃபோர்க்கின் பெயர் ஆர்எஸ்-1. பின்னாளில் அவர் மேவரிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி டியூசி32 என்ற ஃபோர்க்கைச் செய்தார். வளைவு இல்லை, தலைகீழ். கீழ்ப்படிக்கு அவர் தேர்ந்தெடுத்தது 24 மில்லிமீட்டர் அச்சு. சுவர்த் தடிமன் மாறாத மெல்லிய குழாயின் முறுக்கு வலிமை விட்டத்தின் கனத்தோடு ஏறும். அந்தக் கணக்கில் 15 மில்லிமீட்டர் அச்சைவிட இது நான்கு மடங்கு. ஏணிக்குப் பனங்கட்டையில் கீழ்ப்படி போட்ட மாதிரி. விலையும் இருந்தது: அதற்கென்றே செய்த ஹப்பை (சக்கரத்தின் மையக்குடம்) தவிர வேறெதுவும் அதில் பொருந்தாது.

2014-ல் ராக்ஷாக்ஸ் தன் தலைமகனின் பெயரையே வைத்து வேறொரு ஆர்எஸ்-1-ஐ வெளியிட்டது. இம்முறை அது தலைகீழ் ஃபோர்க். டவுன்ஹில்லுக்கு இல்லை, மேடேறிப் பந்தயம் ஓடும் கிராஸ்கன்ட்ரி சைக்கிள்களுக்கு. கிரவுனும் மேல்கால்களும் கார்பன், உள்குழாய் 32 மில்லிமீட்டர், எடை சுமார் 1.67 கிலோ, விலை ஏறக்குறைய 1,865 டாலர். ஒற்றைக் கிரவுன்தான் என்பதால் கீழ்ப்படியில் எல்லாச் சுமையும் இறங்கியது. தீர்வாக, ஹப்புக்குள் 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்றை வைத்து, ஃபோர்க்கின் இரு நுனிகளும் அதன் முகங்களை இறுகக் கவ்வும்படி செய்தார்கள். அதற்கு 'பிரிடிக்டிவ் ஸ்டியரிங்' என்று பெயர். பொறியியலாகப் பார்த்தால் அழகான யோசனை. வாங்குபவனின் இடத்திலிருந்து பார்த்தால் மேவரிக் கதையேதான்: இந்த ஃபோர்க் வேண்டுமானால் இதற்கென்றே ஒரு ஹப், அதைச் சுற்றிக் கட்டிய ஒரு சக்கரம். ஃபோர்க் வாங்கப் போனவன் சக்கரத்தையும் சேர்த்து வாங்கி வர வேண்டும். அதற்குப் பிறகும் முறுக்கில் கொஞ்சம் தளர்வுதான் என்ற பேச்சு ஓயவில்லை. அதே நிறுவனத்தின் வழக்கமான சிட் ஃபோர்க் அதைவிட எடையும் விலையும் குறைவு. ஆர்எஸ்-1 சில ஆண்டுகளில் ஓசையில்லாமல் விலைப்பட்டியலிலிருந்து விலகிக்கொண்டது. முறுக்குத் தளர்வு அதைக் கொன்றது என்பார்கள். அந்த ஹப் கொன்றது என்பது என் கட்சி.

டிவிஓ நிறுவனம் 2013-ல் எமரால்டு என்ற பச்சை நிற டவுன்ஹில் ஃபோர்க்கில் முரட்டுத்தனமாக யோசித்தது. கீழிருந்து எழும்பும் கல்தடுப்புத் தகடுகள் இரண்டையும் டயருக்கு முன்னால் கார்பன் வளைவு ஒன்றால் இணைத்தது. படியைத் தொலைத்தவர்கள் அதைத் திரும்ப ஆணியடித்து மாட்டிய கதை. வேலை செய்தது, ஆனால் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எந்தச் சுமையைக் கழற்றுவதற்காகக் கவிழ்த்தோமோ, அதையே திரும்ப ஏற்றிக்கொண்டோமே!

ஏணி என்ற நினைப்பையே தூக்கி எறிந்தது கேனன்டேல். 2000-ம் ஆண்டை ஒட்டி வந்த அதன் லெஃப்டிக்கு ஒரே கால்தான். பலர் அதைத் தலைகீழ் ஃபோர்க் என்று எண்ணுவதே இல்லை. ஆனால் பருத்த குழாய் மேலே, மெல்லியது கீழே, கணக்குப்படி அதுவும் இந்தக் குடும்பமே. ஒரே காலில் நடுப்படியும் கிடையாது, கீழ்ப்படியும் கிடையாது. உள்குழாய் சுழலாமல் யார் பிடிப்பது? உள்ளே வட்டமான புஷ்ஷுக்குப் பதிலாக, தட்டையாகச் செதுக்கிய முகங்கள்மீது வரிசை வரிசையாக ஊசி பேரிங்குகள் உருள்கின்றன. தட்டை முகம் சுழலாது. பேரிங் உருளுவதால் பக்கவாட்டுச் சுமையிலும் சிக்காது. விமானத்தின் முன்சக்கரக் காலில் கத்தரிக்கோல் போல மடங்கும் இணைப்பு ஒன்று இருக்குமே, அது செய்யும் வேலையைத்தான் இது குழாய்க்குள்ளேயே செய்கிறது. டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமலே ட்யூபை மாற்றலாம் என்பது கொசுறு. மலைச் சைக்கிளில் தலைகீழ் அமைப்புக்கு யாராவது முழுமையான விடை கண்டார்கள் என்றால் அது இவர்கள்தான். அந்த விடையைப் பார்த்ததும் "இன்னொரு காலைக் காணோமே" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அதன் சொந்தக்காரர்களுக்கு ஆயுள் போய்விடும்.

இப்போது மறுபடி ஒரு அலை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் கொர்னேலியுஸ் காப்ஃபிங்கர் நடத்தும் இன்டெண்ட் என்ற சிறு நிறுவனம் தலைகீழ் ஃபோர்க்குகளையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. 2024-ல் அமெரிக்காவின் புஷ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் சுருள் ஸ்பிரிங் வைத்த நைன்.ஒன் என்ற ஃபோர்க்கை அறிவித்தது. 2025-ல் ஃபாக்ஸே போடியத்தோடு களத்தில் இறங்கிவிட்டது: 36 மில்லிமீட்டர் உள்குழாய், 20 மில்லிமீட்டர் அச்சு, சுமார் 2.7 கிலோ. கவனியுங்கள், அதே நிறுவனத்தின் வழக்கமான 36 ஃபோர்க் இதைவிடப் பல நூறு கிராம் குறைவு. கீழ்ப்படியைத் தடிமனாக்கு, எடையைப் பொறுத்துக்கொள் என்று அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். மின்மோட்டார் வைத்த மலைச் சைக்கிள்கள் பெருகிவிட்ட காலத்தில் கிராம் எண்ணுபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதும் அதற்கு உதவியிருக்கும் என்று தோன்றுகிறது.

என் ஃபோர்க் இவற்றில் எது என்று சொல்லப்போவதில்லை. ஏனென்றால் நடந்த கூத்துகளில் பாதி என் தவறு, மீதி அதன் வயது. பெங்களூரில் ஒருவரிடம் சைக்கிளாகவே வாங்கினேன். வாங்கும்போதே எல்லோரும் செய்வதைச் செய்தேன்: முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகினேன். ஹேண்டில்பார் போனது, சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்தொடர்ந்தது. விற்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "கடையில் திருகுகிற மாதிரி பாறையில் யாரும் திருகுவதில்லை" என்றார். விற்க வேண்டியவர் வேறென்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது முக்கால்வாசி உண்மை. தேன்கனிக்கோட்டைச் சாலையை விட்டுக் கேழ்வரகு வயல்களைத் தாண்டினால் கருங்கல் பாறைகள் புடைத்த ஒரு இறக்கம் இருக்கிறது. உருண்டைக் கற்கள் குவிந்த இடத்தில் இறங்கும்போது இதற்கு முன் வைத்திருந்த சைக்கிளின் வழக்கமான ஃபோர்க் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லி அனுப்பும். சக்கரம் கல்லில் பட்டுத் தெறித்துத் தடம் மாறும். இந்த ஃபோர்க்கில் சக்கரம் கல்லின் சரிவோடு கொஞ்சம் ஒத்துப்போய், தாண்டியதும் தானே நேராகிறது. கைகள் மரத்துப்போவதில்லை. முறுக்குத் தளர்வு என்று ஏசப்பட்ட அதே குணம்தான் இது. மீதிக் கால்வாசி எங்கே இடிக்கிறது என்றால், டயர் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்போது. ஈரம் காய்ந்த மாட்டுவண்டித் தடத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டால் ஹேண்டில்பார் ஒரு திசை, சக்கரம் ஒரு திசை. அந்த அரை நொடியில் நான் பலமுறை குலதெய்வத்தைக் கூப்பிட்டிருக்கிறேன்.

கூத்துக்கு வருகிறேன். மெல்லிய குழாய் கீழே இருப்பதால் அதற்குக் கல்தடுப்புத் தகடு கட்டாயம். ஒரு ஞாயிறன்று தகட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டு, மாட்டாமலே கிளம்பினேன். ஒரே ஒரு கல். திரும்பி வந்து பார்த்தால் இடது குழாயின் மேற்பரப்பில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. அந்த வெட்டு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலை அரம் போல அறுத்தது. வழக்கமான ஃபோர்க்காக இருந்தால் மேலே கொஞ்சம் எண்ணெய் கசியும், துடைத்துக்கொள்ளலாம். இதில் சீல் கீழே. அதற்கு நேர் கீழே பிரேக் டிஸ்க். மூன்றாம் நாள் ரயில்வே கேட் முன்னால் பிரேக்கைப் பிடித்தேன், சைக்கிள் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்பிரேக் இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெட்டை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மனைவியின் நிறமற்ற நகப்பூச்சை இரண்டு அடுக்குப் பூசி, மறுபடி தேய்த்துச் சமமாக்கினேன். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் பலரும் செய்யும் வைத்தியம் இதுதான். பிரேக் பேடுகள் குப்பைக்குப் போயின. புதுச் சீலை ஒரு சைக்கிள் கடையில் மாட்டினேன். திரும்பி வந்தபோது ஃபோர்க் அமுக்கினால் பாதியிலேயே விக்கி நின்றது. சீல் இறுக்கம், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்றார்கள். இருநூறு கிலோமீட்டர் ஓட்டியும் ஆகவில்லை.

கடைசியில் என் பைக்கைப் பார்க்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் வாழ்க்கையில் சைக்கிள் ஃபோர்க்கைத் தொட்டதில்லை. ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். அச்சைக் கவ்வும் போல்ட்டுகளைத் தளர்த்தினார். ஹேண்டில்பாரைப் பிடித்து ஃபோர்க்கை மூன்று நான்கு முறை முழுக்க அமுக்கி எழுப்பினார். பிறகு போல்ட்டுகளை இறுக்கினார். விக்கல் நின்றுவிட்டது.

"கால் இரண்டும் தனித்தனி தம்பி" என்றார். "நாம் இறுக்குவதற்கு முன்னால் அவை தம் இடத்தைத் தாமே தேடிக்கொள்ள விட வேண்டும். எல்லா பைக்குக்கும் இப்படித்தான்."

நடுப்படி இருக்கும் ஏணியில் இந்தச் சிக்கலே வராது. கால்களின் இடைவெளி வார்ப்பிலேயே முடிவாகிவிடுகிறது. சைக்கிள் கடைக்காரர்கள் அதற்குப் பழகியவர்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பாய் கூலி வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

போன மாதம் முன்டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டு அவரிடமே போனேன். பாய் கடையில் இல்லை. புதிதாகச் சேர்ந்திருந்த பையன்தான் இருந்தான். சைக்கிளைத் தூக்கி, எல்லாப் பஞ்சர் கடைகளிலும் செய்வதுபோல, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் பதியும்படி கவிழ்த்து நிறுத்தினான். சக்கரம் ஆகாயத்தைப் பார்த்துச் சுற்றியது. பருத்த குழாய்கள் தரையோரம், மெல்லியவை மேலே. அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான்.

"இப்போது சரியாக இருக்கிறது சார்" என்றான்.